தற்சான்று உண்மை: அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் ஒரு சொல் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனம், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதைத் தாமே விளங்கும் உண்மைகளுள் ஒன்றாக முன்வைத்தது. நிறுவல் வேண்டாத உண்மை ஒன்றை ஒரு சாரார் வெளிப்படையாக மறுத்தபோது, அது தாமே விளங்குவது என்று எவ்வாறு கூற முடியும் என்பதே இக்கட்டுரையின் வினா. 'தாமே விளங்குதல்' என்பதை 'எல்லார்க்கும் தெரிந்திருத்தல்' எனக் கொள்ளும் வாசிப்பும், 'உடன்பாட்டால் ஏற்கப்படுதல்' எனக் கொள்ளும் வாசிப்பும் போதாதவை என இக்கட்டுரை வாதிடுகிறது. அரசியல் மெய்யியலில் தற்சான்று உண்மை என்பது, அதனை மறுப்பவரும் தம் நடத்தையில் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டிருக்கும் உண்மை என்ற முடிவு இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தற்சான்று உண்மை, சமத்துவம், விடுதலைப் பிரகடனம், ஜான் லாக், பிரெடரிக் டக்ளஸ், அடிமை முறை.

முன்னுரை

எந்த அரசியல் கோட்பாடும் ஓரிடத்திலிருந்து தொடங்கியாக வேண்டும். தொடங்கும் இடத்திற்குக் காரணம் கேட்டால் அக்காரணத்திற்கும் காரணம் கேட்கலாம். அவ்வாறு கேட்டுக்கொண்டே சென்றால் வாதம் எங்கும் நிலைகொள்ளாது. இச்சிக்கலை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் அரிஸ்டாட்டில். அனைத்தையும் நிறுவ முயல்வது எதையும் நிறுவாமல் விடுவதற்குச் சமம்; ஆகவே நிறுவலின்றி அறியப்படும் முதற்கோள்கள் சில இருந்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. வடிவக் கணிதத்தில் இது பெரிய இடரை விளைவிப்பதில்லை. அரசியலில் நிலை வேறு. அங்கு முதற்கோளை மறுப்பவர் பெரும்பாலும் அதனால் இழப்புக்கு உள்ளாகுபவராக இருப்பார். அவரிடம் ஆட்சியும் படையும் இருக்கக்கூடும்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் தேவை. இக்கருத்தைக் குறிக்கத் தமிழில் 'வெளிப்படை உண்மை' என்ற தொடர் வழங்குகிறது. கணிதம் கற்பிப்போர்க்கும் இது பழகிய தொடரே. ஆனால் 'வெளிப்படை' என்னும் சொல், பார்ப்பவர் எல்லார்க்கும் தெரியும்படி கிடப்பது என்ற பொருளை உடன்கொண்டு வருகிறது. மூலக் கருத்தில் அழுத்தம் பெறுவது காண்பவரின் எண்ணிக்கை அன்று. உண்மைக்கு வெளியிலிருந்து சான்று தேவையில்லை, அதுவே அதற்குச் சான்று என்பதாகும். எனவே இக்கட்டுரையில் 'தற்சான்று உண்மை' என்ற தொடர் ஆளப்படுகிறது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பு நுட்பம் மட்டும் அன்று. பின்வரும் விவாதம் முழுவதும் இதனையே சார்ந்து நிற்கிறது.

சொல் மாற்றம்

1776 ஜூன் மாதத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேராயம், விடுதலைப் பிரகடனத்தை வரைய ஐவர் குழுவை அமைத்தது. தாமஸ் ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன் ஆகியோர் அக்குழுவினர். வரைவை எழுதியவர் ஜெபர்சன். அவ்வரைவில் இவ்வுண்மைகளுக்குத் தரப்பட்டிருந்த அடைமொழி 'புனிதமானவை, மறுக்கவியலாதவை' என்ற பொருளுடையது. பின்னர் அது நீக்கப்பட்டுத் 'தற்சான்றுடையவை' என்பது இடம்பெற்றது. இத்திருத்தத்தைச் செய்தவர் பிராங்க்ளின் என ஒரு சாராரும், ஜெபர்சனே எனப் பிறிதொரு சாராரும் கருதுவர்.

திருத்தியவர் யாராயினும் மாற்றத்தின் விளைவு தெளிவானது. 'புனிதமானவை' என்பது சமய அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கிறது. 'மறுக்கவியலாதவை' என்பது எதிராளியின் வாயை அடைக்கிறது. 'தற்சான்றுடையவை' என்பது இவ்விரண்டையும் செய்யாமல் கேட்பவரின் அறிவை நோக்கிப் பேசுகிறது. கூற்றின் சொற்களை உண்மையாக விளங்கிக்கொண்டவர் அதனை ஏற்பார் என்பதே அதன் உட்கிடை.

இதனோடு, அதே ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஏற்கப்பட்ட வர்ஜீனியா உரிமைச் சாசனத்தை ஒப்பிடுதல் பயன் தரும். ஜார்ஜ் மேசன் முதன்மையாக வரைந்த அச்சாசனமும் மனிதர் இயல்பாகவே சம விடுதலையுடையவர் என்கிறது. ஆனால் தற்சான்று என்ற அடைமொழி அதில் இல்லை. மேலும், அவையினர் அக்கூற்றோடு, மனிதர் சமூக நிலைக்குள் புகும்போது என்ற வரையறையைச் சேர்த்தனர். அடிமைகள் அச்சமூகத்தின் உறுப்பினர் அல்லர் என்று வாதிடுவதற்கான வழி அதனால் திறந்து வைக்கப்பட்டது. விடுதலைப் பிரகடனத்தில் அத்தகைய வரையறை எதுவும் இல்லை. அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதியிருந்த பகுதியைப் பேராயம் நீக்கியது. ஆனால் பொதுக்கூற்றைக் குறுக்கவில்லை. பின்வந்த நூறாண்டுப் போராட்டத்திற்கு இக்குறுக்கப்படாத கூற்றே பிடிமானமாயிற்று.

மெய்யியல் மரபில் தற்சான்று

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் தற்சான்றை இருவகையாகப் பகுத்தார். தன்னளவில் தற்சான்றுடையது ஒன்று. நமக்குத் தற்சான்றுடையது பிறிதொன்று. முழுமை தன் பகுதியைவிடப் பெரியது என்பது யாவர்க்கும் விளங்கும். மனிதன் பகுத்தறிவுடையவன் என்பதோ தன்னளவில் தற்சான்றுடையது. எனினும் மனிதன் என்பது யாது என அறியாதவர்க்கு அது விளங்காது. உலகில் சிலரேனும் மறுக்கின்றனர் என்பதால் ஓர் உண்மை தற்சான்றை இழப்பதில்லை என்பது இப்பகுப்பிலிருந்து பெறப்படுகிறது. இழப்பு, எழுவாயின் பொருளை அறியாதவருடையது.

ஜெபர்சன் காலத்தவர்க்கு அணுக்கமானவர் ஜான் லாக். ஆனால் லாக்கிடம் இக்கருத்து முரணோடு காணப்படுகிறது. மனித அறிதல் குறித்த தம் கட்டுரை நூலின் முதற்பகுதியில், காரணம் கேட்கத் தகாத ஒழுக்க விதி ஒன்றுகூட இல்லை. ஆகவே ஒழுக்க விதிகள் தற்சான்றுடையவை அல்ல என்கிறார். தமக்குச் செய்யப்பட விரும்புவதையே பிறர்க்கும் செய்க என்னும் விதிக்குக்கூட அதனை அறியாதவர் காரணம் கேட்கலாம் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரையிலோ, ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே திறன்களுடன் பிறந்த உயிர்கள் தம்முள் சமமாக இருத்தல் வேண்டும் என்பதைவிடத் தெளிவானது வேறொன்றில்லை என்கிறார். ஹூக்கரும் இதனைத் தன்னில் தெளிந்ததாகக் கொண்டார் எனத் துணைக்கு அழைக்கிறார்.

இம்முரணை லாக்கின் கவனக்குறைவு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் இரண்டு கூற்றுகளும் ஒரே வகையின அல்ல என்பது கருதத்தக்கது. முதலாவது, ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்னும் விதி. இரண்டாவது, ஒருவர் மற்றொருவர்க்கு இயல்பாகவே அடங்கியவர் அல்லர் என்னும் மறுப்பு. விதிக்குக் காரணம் கேட்கலாம். ஆனால் மேலாண்மை கோருபவரிடம் காரணம் கேட்கும் உரிமைக்கே காரணம் கேட்பது வினாவைத் தலைகீழாக்குவதாகும். அரசியலில் தற்சான்று செயற்படும் இடம் இதுவே: நிறுவும் பொறுப்பு சமத்துவத்தைக் கூறுபவர் மீது அன்று, அதற்கு விலக்குக் கோருபவர் மீது விழுகிறது.

அண்மைக்கால விளக்கங்கள்

பிரகடனத்தின் இச்சொல்லை விளக்கிய ஆய்வுகளை மூன்று போக்குகளில் அடக்கலாம். மார்ட்டன் வொயிட் தம் 1978ஆம் ஆண்டு நூலில் லாக்கின் அறிவுக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொள்கிறார். தற்சான்றைக் கண்டுணரப் பயிற்சியும் ஓய்வும் வேண்டுமெனின், அவை வாய்த்த சிலரே உண்மையின் காவலராகிவிடுவர் என்ற இடரை அவர் சுட்டுகிறார். அதே ஆண்டில் வெளிவந்த தம் நூலில் கேரி வில்ஸ், ஜெபர்சனை லாக்கிடமிருந்து பிரித்து ஸ்காட்லாந்து மெய்யியலாரோடு இணைக்கிறார். தாமஸ் ரீடின் பொதுப்புத்திக் கோட்பாட்டின்படி தற்சான்று உண்மை கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் பொதுவானது.

மூன்றாம் போக்கு, பிரகடனத்தில் அவ்வுண்மைகளை 'நாங்கள் கொள்கிறோம்' என்ற கருத்தில் அமைந்த வினையின் மீது கவனம் செலுத்துகிறது. ஹன்னா அரெண்ட் 1963இல் புரட்சி குறித்து எழுதிய நூலிலும், 1967இல் உண்மையும் அரசியலும் குறித்து எழுதிய கட்டுரையிலும் இதனை விவாதிக்கிறார். உண்மை தானே விளங்குமாயின், நாங்கள் கொள்கிறோம் எனக் கூறத் தேவையில்லை. அவ்வாறு கூறியதன் மூலம், சமத்துவம் உடன்பாட்டை வேண்டி நிற்பது என்பதை ஜெபர்சன் தம்மை அறியாமலேயே ஒப்புக்கொண்டார் என்பது அரெண்டின் வாதம். மைக்கேல் சக்கர்ட் தம் 1996ஆம் ஆண்டு நூலில் இதனை வேறொரு திசையில் கொண்டுசெல்கிறார். அவ்வுண்மைகள் தம்மளவில் தற்சான்றுடையவை என்று பிரகடனம் கூறவில்லை. அரசியல் சமூகம் அவற்றைத் தற்சான்றுடையவை போலக் கொள்கிறது என்பது அவர் வாசிப்பு.

இம்மூன்றும் பயனுள்ளவை, ஆயினும் மூன்றும் ஒரு பொதுக்குறையைக் கொண்டுள்ளன. உண்மையைக் காண்பவர் யார், எத்தனை பேர் என்ற வினாவையே அவை கேட்கின்றன. வொயிட்டுக்குச் சிலர், வில்ஸுக்கு எல்லாரும், அரெண்டுக்கும் சக்கர்ட்டுக்கும் உடன்பட்டவர். உண்மையை மறுப்பவரிடம் என்ன நிகழ்கிறது என்பது எவ்விளக்கத்திலும் மையமாகவில்லை. அரெண்டின் வாதத்தை அப்படியே ஏற்றால் ஒரு கடினமான விளைவையும் ஏற்க வேண்டிவரும். சமத்துவத்தின் வலிமை உடன்பாட்டிலிருந்து மட்டும் பிறப்பதாயின், அவ்வுடன்பாட்டில் சேர்க்கப்படாதவர்க்கு அது எதனையும் வழங்காது. 1776இல் அடிமைப்பட்டிருந்தோரிடம் எவரும் உடன்பாடு கேட்கவில்லை.

மறுப்போரின் மொழி

அவ்வுடன்பாடும் நீடிக்கவில்லை. 1848 ஜூனில் தென் கரோலினாவின் செனட்டர் ஜான் கால்ஹூன், ஆரிகன் சட்ட முன்வரைவு குறித்த உரையில் பிரகடனத்தின் சமத்துவக் கூற்றை நேரடியாகத் தாக்கினார். மனிதர் பிறப்பதில்லை, குழந்தைகளே பிறக்கின்றன. குழந்தைகள் விடுதலையுடையவை அல்ல என்ற வகையில் அவர் வாதம் சென்றது. 1854இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா விவாதத்தின்போது இந்தியானாவின் செனட்டர் ஜான் பெட்டிட், அக்கூற்றைத் தற்சான்று உண்மைக்கு மாறாகத் தற்சான்றுப் பொய் என்றார்.

இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது, 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானி வழங்கிய தீர்ப்பு. பிரகடனத்தின் சொற்கள் மனிதக் குடும்பம் முழுவதையும் தழுவுவன போலத் தோன்றும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். உடனே, அடிமைப்பட்ட ஆப்பிரிக்க இனத்தவர் அதில் கருதப்படவில்லை என்பது விவாதத்திற்கு இடமில்லாத அளவு தெளிவானது என்கிறார். சமத்துவத்தின் தற்சான்றை மறுப்பதற்குப் பிறிதொரு தற்சான்றையே அவர் கருவியாக்குகிறார்.

இங்குதான் சிக்கல் முழுவடிவம் பெறுகிறது. இரு சாராரும் தத்தம் கூற்றைத் தாமே விளங்குவது என்றால், எதனைக் கொண்டு தீர்ப்பது? எண்ணிக்கையால் தீர்க்க இயலாது. டானியின் பக்கமும் பெருங்கூட்டம் இருந்தது. உறுதியுணர்வாலும் இயலாது, அவர் உறுதியோடுதான் பேசினார். அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் எழுதிய பெடரலிஸ்ட் 31ஆம் கட்டுரையில் இதற்கு ஒரு விடை உண்டு. முதன்மை உண்மையை ஒருவர் காணத் தவறினால், குறை அவருடைய அறிவுப்புலனில் இருக்க வேண்டும். அல்லது தன்னலமோ உணர்ச்சியோ முற்சாய்வோ அவரை மறைத்திருக்க வேண்டும் என்கிறார். ஆனால் இவ்விடையை இரு சாராரும் ஒருவர் மீது ஒருவர் எறியலாம். மறுப்பவரின் உள்நோக்கத்தைச் சுட்டுவது அவர் கூற்றைத் தவறென்று காட்டாது.

டக்ளஸின் வழி

இச்சிக்கலிலிருந்து வெளியேறும் வழியை, மெய்யியல் பேராசிரியர் எவரையும்விடத் தெளிவாகக் காட்டியவர் அடிமை நிலையிலிருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ். 1852 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அவர் உரையாற்றினார். அடிமையும் மனிதனே என்பதை நிறுவ வேண்டுமா என அவ்வுரையில் வினவுகிறார். அதனை அடிமை உரிமையாளரே ஏற்றுக்கொண்டுள்ளனர் என்பது அவர் விடை. வர்ஜீனியாவில் கறுப்பினத்தவர் செய்தால் மரண தண்டனை பெறும் குற்றங்கள் 72 என்றும், அவற்றுள் இரண்டுக்கு மட்டுமே வெள்ளையர்க்கு அத்தண்டனை என்றும் எடுத்துக்காட்டுகிறார். பொறுப்புடைய, அறிவுடைய உயிரைத் தவிர வேறு எதனையும் சட்டம் தண்டிப்பதில்லை. அடிமைக்கு எழுத்தறிவிப்பதைத் தடைசெய்யும் சட்டங்கள் தென்மாநில ஏடுகளில் நிறைந்துள்ளன. வயலில் மேயும் விலங்குகள் குறித்து அத்தகைய சட்டம் உண்டெனில் அடிமையின் மனிதத் தன்மையை வாதிட ஒப்புக்கொள்வேன் என்கிறார்.

இவ்வாதத்தின் தருக்க அமைப்பு புதிதன்று. முரணாமை விதியை மறுப்பவர்க்கு அரிஸ்டாட்டில் தரும் விடையும் இதே அமைப்புடையது. அவ்விதியை மேலான ஒன்றிலிருந்து நிறுவ இயலாது. ஆனால் மறுப்பவர் பொருளுள்ள ஒரு சொல்லைக் கூறினால் போதும். அச்சொல் ஒன்றையே குறிக்கிறது, அதன் மறுதலையைக் குறிக்கவில்லை என அவர் ஏற்றவராகிறார். தாம் மறுக்கும் விதியை மறுக்கும் செயலிலேயே அவர் பயன்படுத்துகிறார். அதுபோலவே, அடிமையை நோக்கி ஆணையிடுபவர், ஆணை விளங்கும் என எதிர்பார்க்கிறார். கீழ்ப்படியாதபோது தண்டிப்பவர், கீழ்ப்படிய வேண்டியதற்குக் காரணம் இருந்தது எனக் கொள்கிறார். அவர் மறுக்கும் மனிதத் தன்மை அவரது ஒவ்வோர் ஆணையிலும் முன்கொள்ளப்பட்டுள்ளது.

டானியின் தெளிவை இவ்வளவையால் சோதித்துப் பார்க்கலாம். அடிமைப்பட்டோர் மனித சமத்துவத்தில் அடங்கார் என்னும் கூற்றை மறுப்பவர், தம் நடத்தையில் அதனை எங்கேனும் முன்கொள்கிறாரா? இல்லை. அதனை நீக்கினால் குலைவது ஒரு வழக்கமும் அதனைச் சார்ந்த உடைமையுமே. அது பழக்கத்தின் தெளிவு. காரணம் கேட்டவுடன் காரணம் காட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடும் தெளிவு. சமத்துவத்தின் தற்சான்றோ, அதனை மறுப்பவரின் சட்டப் புத்தகத்திலேயே பதிவாகியுள்ளது.

பெஞ்சமின் பானக்கரின் செயலும் இதே முறையைச் சார்ந்தது. வானியலும் கணிதமும் தாமே பயின்ற அந்தக் கறுப்பினத்தவர் 1791 ஆகஸ்டில் ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், அவரது பிரகடனத்தையே அவர்முன் வைத்து, அடிமைகளைக் கட்டி வைத்திருப்பதோடு அது எவ்வாறு பொருந்தும் என வினவினார். 1848 ஜூலையில் செனிகா பால்ஸ் மாநாட்டில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் முதலியோர் முன்வைத்த உணர்வுப் பிரகடனம், பழைய கூற்றில் பெண்களையும் சேர்த்துத் தற்சான்று என்ற அடைமொழியை அப்படியே வைத்துக்கொண்டது. உடன்பாட்டிற்கு அழைக்கப்படாதவர்களே அச்சொல்லை மிகக் கூர்மையாக ஆண்டனர் என்பது அரெண்டின் வாசிப்புக்கு வரலாறு தரும் மறுமொழி எனலாம்.

அடிக்கோளிலிருந்து நிறுவலுக்கு

ஆபிரகாம் லிங்கன் 1859 ஏப்ரலில் எழுதிய ஒரு கடிதத்தில், ஜெபர்சனின் கொள்கைகளை விடுதலைச் சமூகத்தின் வரையறைகளும் அடிக்கோள்களும் என்கிறார். யூக்லிட்டின் எளிய தேற்றங்களை எந்தக் குழந்தைக்கும் விளக்கலாம். அடிக்கோள்களையே மறுப்பவரிடம் அது இயலாது என்பது அவரது ஒப்புமை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1863 நவம்பர் 19ஆம் நாள் கெட்டிஸ்பர்க்கில் பேசியபோது, சமத்துவத்தை நாடு தன்னை ஒப்படைத்துக்கொண்ட ஒரு கூற்று என்றார். அவர் அங்கு ஆண்ட சொல், யூக்லிட்டின் நூலில் நிறுவப்பட வேண்டியதைக் குறிப்பது.

இம்மாற்றத்தைச் சிலர் நம்பிக்கைத் தளர்வாகக் காண்பர். இக்கட்டுரையின் நோக்கில் இரண்டும் முரண்படவில்லை. அறிவுக்கு அது அடிக்கோள். செயலுக்கு அது நிறுவப்பட வேண்டியது. மறுப்பவரின் நடத்தையே அதற்குச் சான்று என்பதை வாதத்தில் காட்டிவிடலாம். அச்சான்றுக்கேற்பச் சட்டத்தையும் வாழ்வையும் மாற்றுவது வாதத்தால் மட்டும் நிகழ்வதன்று.

வரம்புகள்

இவ்வாசிப்புக்கும் வரம்புகள் உண்டு. முதலாவது, தண்டனைச் சட்டம் அடிமையின் பொறுப்புணர்வை ஒப்புக்கொள்கிறது என்பதிலிருந்து அவர் சமம் என்பது உடனே பெறப்படாது. பொறுப்புடையவரிடம் காரணம் கூறாமல் ஆள்வது தகாது என்ற ஓர் இடைப்படி தேவை. அவ்விடைப்படி வலுவானது, எனினும் அது படியே. இரண்டாவது, இச்சோதனை யார் சமம் என்பதைக் காட்டுமேயன்றி, சமத்துவம் சொத்து, வாக்குரிமை, கல்வி ஆகியவற்றில் எவ்வடிவம் பெற வேண்டும் என்பதைத் தீர்மானிக்காது. மூன்றாவது, சொல்லை எழுதியவர்களே அதன் பொருளை முழுதும் கண்டவரல்லர். வர்ஜீனியா பற்றிய தம் குறிப்பு நூலில் கறுப்பினத்தவரின் அறிவாற்றல் குறித்து ஐயம் எழுப்பியவர் ஜெபர்சன். அமெரிக்கத் தொல்குடியினரைக் கொடியவராகச் சித்திரிக்கும் குற்றச்சாட்டும் அதே பிரகடனத்தில் இடம்பெற்றுள்ளது. அக்குவைனஸின் பகுப்பு இங்கு மீண்டும் பொருந்துகிறது: கூற்று தன்னளவில் தற்சான்றுடையதாயினும், அதன் எழுவாயில் யார் யார் அடங்குவர் என எழுதியவரும் அறியாதிருத்தல் கூடும்.

முடிவுரை

அரசியல் மெய்யியலில் தற்சான்று உண்மை என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை அன்று. எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்பின் அதனைப் பிரகடனம் செய்யத் தேவை எழுந்திராது. அது வெறும் உடன்பாடும் அன்று. உடன்பாடாயின் வெளியே நிறுத்தப்பட்டவர் அதனைக் கொண்டு வழக்காட இயலாது. மறுப்பவரும் தம் சொல்லிலும் செயலிலும் முன்கொள்ளும் உண்மையே அது. ஆகவே அதனை மேலிருந்து நிறுவ வேண்டியதில்லை. மறுப்பவரின் நடத்தையிலிருந்து எடுத்துக் காட்டினால் போதும். விவாதத்தை மூடுவதற்குத் 'தெளிவானது' என்ற சொல்லை ஆள்பவரையும், விவாதத்தைத் திறப்பதற்கு அதே சொல்லை ஆள்பவரையும் வேறுபடுத்தும் அளவுகோல் இதுவே. டானியும் டக்ளஸும் ஐந்தாண்டு இடைவெளியில் தெளிவைப் பற்றியே பேசினர். தம் தெளிவுக்குச் சான்றாக எதிராளியின் சட்டத்தையே காட்ட முடிந்தவர் டக்ளஸ் ஒருவரே.